பேய்வீடு யாரைப் பிடிக்கிறது?

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆளில்லாத வீடுகளுக்குக் குறைவிருந்ததில்லை. 2004 ஆழிப்பேரலை கரையோரத்தைக் காலிசெய்தது. போர் மிச்சத்தைக் காலிசெய்தது. கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்து, ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கழித்தே தங்கள் மண்ணுக்குத் திரும்பினார்கள். குடியிருப்பவர் இல்லாத வீட்டைப் பற்றிக் கதை கிளம்புவது எந்த ஊரிலும் நடப்பதுதான். கச்சான் காற்றுக்குக் கூரைத் தகரம் அடித்துக்கொண்டாலே போதும், ‘அங்க என்னவோ இருக்குது’ என்று பேச்சு வந்துவிடும். இத்தகைய கதைகளில் அடிக்கடி வருபவர் தனித்துப்போன ஒருவர். அவர் அந்த வீட்டுக்குள் போகிறார், அதை விட்டு வர மறுக்கிறார், வீடு அவரைப் பிடித்துக்கொண்டது என்கிறார்கள். இந்தக் கதையில் காரணமும் விளைவும் இடம்மாறிக் கிடக்கின்றன. வீடு ஆளைப் பிடிப்பதற்கு வெகுகாலம் முன்பே, மற்றவர்கள் அந்த ஆளைக் கைவிட்டிருப்பார்கள்.

தனித்த மனிதரைப் பற்றிக் கதை கட்டுவது எவ்வளவு எளிது என்பதற்குக் கோணேசர் கோயிலடியிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. சுவாமிமலையில் நிற்கும் ஒரு பழைய தூணில் 1687 ஏப்ரல் 24 என்ற நாளும் பிரான்சினா வான் றீட் என்ற பெயரும் ஒல்லாந்த மொழியில் வெட்டப்பட்டுள்ளன. போர்த்துக்கீசர் இடித்த கோயிலின் தூண் அது என்று கருதப்படுகிறது. காதலன் கப்பலேறிப் போய்விட, கைவிடப்பட்ட பெண் அந்தச் செங்குத்துப் பாறையிலிருந்து கடலில் குதித்தாள் என்று கதை சொல்கிறது. ‘காதலர் பாய்ச்சல்’ என்று சுற்றுலா நூல்கள் அந்த இடத்துக்குப் பெயரும் வைத்துவிட்டன. ஆனால் பிரான்சினா, மலபார்த் தாவரங்களைப் பற்றிய பன்னிரண்டு பாகப் பெருநூலைத் தொகுப்பித்த ஒல்லாந்த அதிகாரி ஹென்ட்றிக் வான் றீடின் வளர்ப்பு மகள். 1691இல் கடற்பயணத்தில் இறந்து சூரத்தில் அடக்கமான அந்தத் தகப்பனைவிட நெடுங்காலம் வாழ்ந்தவர். பின்னர் திருமணமும் செய்துகொண்டவர். கல்லில் காதலும் இல்லை, சாவும் இல்லை. துணையில்லாத ஓர் இளம்பெண், உயரமான ஒரு பாறை, ஒரு பெயர் ஆகிய மூன்றும் கிடைத்ததும் மிச்சத்தைக் கேட்டவர்கள் எழுதிக்கொண்டார்கள். பாறைக்கு ஈர்க்கும் சக்தி உண்டென்று நம்புவது, அவளைத் தனியே விட்டவர் யார் என்று கேட்பதைவிடச் சுலபம்.

மெய்யாகவே தனித்துவிடப்பட்ட ஒருவரின் வாக்குமூலம் வேண்டுமென்றால் குடாவின் மறுகரைக்குப் போகவேண்டும். புயலில் பாய்மரம் முறிந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் திருத்த வேலைக்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் அதன் தலைவனையும் அவருடைய மகன் ரொபேர்ட் நொக்சையும் மற்றவர்களையும் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுவருடம் பெப்ரவரியில் தகப்பன் காய்ச்சலில் இறந்தபோது நொக்சுக்கு 20 வயது. அடக்கம் செய்ய ஊராரிடம் உதவி கேட்டனுப்பினார். அவர்களோ மாடு கட்டும் கயிறு ஒன்றைக் கொடுத்து, பிணத்தைக் காட்டுக்குள் இழுத்துப் போட்டுவிடச் சொன்னார்களாம். கடைசியில் கூலி கொடுத்து ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. பத்தொன்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையிருந்து தப்பிய அவர், 1681இல் லண்டனில் வெளியிட்ட நூலில் ஒன்றை உறுதியாகச் சொல்கிறார்: இரவில் பிசாசு நாய் குரைப்பது போன்ற கீச்சுக் குரலில் கத்துவதைத் தாமே பலமுறை கேட்டிருக்கிறார். கூடவே இன்னொன்றையும் குறித்துவைக்கிறார். அந்தக் குரல் கேட்பதற்குச் சற்று முன்போ பின்போ அரசன் ஆட்களைக் கொல்வது வழக்கமாம். அந்த நாட்டவரும் இதைக் கவனித்திருக்கிறார்களாம். ஆக, பிசாசின் குரலுக்குள் அவர்கள் கேட்டது அரசனின் வாளை. அச்சம் உயிரோடு இருந்தவனைப் பற்றியது, பெயர்தான் பேயினுடையது.

இதில் இன்னும் முக்கியமான விடயம், அந்தக் குரலைக் கேட்டும் நொக்ஸ் அதற்கு ஆட்படவில்லை என்பது. ஏன்? அவர் தமக்கென்று மனிதர்களைச் சேர்த்துக்கொண்டார். தொப்பி பின்னி விற்றார். அப்படிப் பின்னிய ஒரு தொப்பிக்கு மாற்றாகத்தான் ஒரு கிழவரிடமிருந்து அவருக்கு ஆங்கில வேதப்புத்தகம் கிடைத்தது. எலதெத்த என்ற ஊரில் வீடு கட்டி, மணமாகாத தம் நாட்டவர் சிலரோடு ஒன்றாகக் குடியிருந்தார். உடன் சிறையிருந்த இன்னொருவரின் சின்ன மகளை வளர்த்தார். ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழரோடு 1679இல் காட்டுவழியே நடந்து மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டையைச் சேர்ந்தார். இரவுக்குரல் ஒன்றே ஒரு மனிதனை வீழ்த்துமென்றால், அந்நிய மண்ணில் தகப்பனைப் பறிகொடுத்த அந்த இளைஞனைத்தான் முதலில் வீழ்த்தியிருக்க வேண்டும்.

இன்றைய உளவியலும் இதே பக்கம் சாய்கிறது. நிக்கலஸ் எப்லி, ஜோன் கசியோப்போ முதலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வொன்றில் பங்கேற்ற சிலரிடம், அவர்களுடைய பிற்காலம் தனிமையில் கழியும் என்று போலியான சோதனை முடிவைச் சொன்னார்கள்; மற்றவர்களுக்கு உறவுகள் சூழ வாழ்வீர்கள் என்றார்கள். தனிமை காத்திருக்கிறது என்று கேட்டவர்களிடம் பேய், தேவதை, கடவுள் போன்றவற்றில் நம்பிக்கை கூடுதலாகத் தெரிந்தது. மனிதத் துணை கிடைக்காதபோது மனம் கிடைத்ததிலெல்லாம் துணையைத் தேடுகிறது. அமெரிக்க எழுத்தாளர் ஷேர்லி ஜாக்சன் 1959இல் எழுதிய பேய்வீட்டு நாவல் இன்னும் படிக்கப்படுவதும் இதனால்தான். அதன் நாயகி எலினோர், நோயாளித் தாயைப் பதினொரு ஆண்டு பார்த்தே இளமையைத் தொலைத்தவள். தனக்கென்று ஓரிடமும் இல்லாதவளுக்கு, ‘நீ வேண்டும்’ என்று முதலில் சொல்வதுபோலத் தோன்றுவது அந்த வீடு. வீட்டை அவள் நம்பியதில் வியப்பில்லை.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. வேல்ஸ் நாட்டு மருத்துவர் டூவி றீஸ் 1971இல் வெளியிட்ட ஆய்வில், துணையை இழந்த 293 பேரிடம் விசாரித்தார். ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்த துணையின் இருப்பை உணர்ந்ததாகவோ கண்டதாகவோ கேட்டதாகவோ சொன்னார்கள். ஆனால் அந்த அனுபவத்துக்கும் அவர்கள் ஒதுங்கி வாழ்ந்தார்களா என்பதற்கும் தொடர்பு தெரியவில்லை. நெடுநாள் நல்ல மணவாழ்வு வாழ்ந்தவர்களுக்கே அது அதிகம். அப்படியானால் தனிமைக்கும் ஆவிக்கும் என்ன சம்பந்தம்? ஆள்கணக்கில் பார்க்கும் தனிமை ஒன்று, குறிப்பிட்ட ஒருவர் இல்லாமற்போன தனிமை வேறொன்று என்பதே விடை. பேரப்பிள்ளைகள் நிறைந்த வீட்டிலும் இரண்டாவது தனிமை இருக்கும். அதே ஆய்வு காட்டிய இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: இந்த அனுபவத்தைப் பெரும்பாலானோர் நெருங்கியவர்களிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. இறந்தவரின் குரல் கேட்பது றீஸின் கணிப்பில் நோயல்ல, துயரத்தோடு வரும் இயல்பான துணை. அதை ஒருவரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருப்பதுதான் ஆளை வீட்டுக்குள் பூட்டுகிறது.

வேறொரு மறுப்பு பகுத்தறிவுப் பக்கமிருந்து வரும்: எல்லாவற்றுக்கும் பௌதிகக் காரணம் உண்டு, தனிமையை ஏன் இழுக்கவேண்டும்? உண்மைதான். நொக்ஸ் கேட்ட குரலை, சிங்களத்தில் ‘உலமா’ எனப்படும் பறவையின் குரலென்றும் அது ஒரு பெரிய காட்டு ஆந்தையென்றும் பலர் கருதுகிறார்கள். 1921இல் அமெரிக்கக் கண் மருத்துவர் வில்மர் பதிவுசெய்த ஒரு வீட்டில் காலடிச் சத்தமும் உருவங்களும் குடும்பத்தை அலைக்கழித்தன; வீட்டை வெப்பமூட்டும் பழுதான உலையிலிருந்து கசிந்த காபன் மொனொக்சைட்டே காரணமென்று தெரிந்தது. உலையைத் திருத்தியதும் பேய் போய்விட்டது. இவை சத்தம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கின்றன. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒருவர் ஓடிவிட, இன்னொருவர் அங்கேயே உட்கார்ந்துவிடுவது ஏன் என்பதைச் சொல்வதில்லை. அதற்கு, அவருக்கு வெளியே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும்.

கிழக்கிலங்கைக்கு இது நன்கு தெரிந்த பாடம். போர்க்காலத்தில் மட்டக்களப்புப் பகுதியில் ஆய்வுசெய்த மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ், காணாமற்போனோரின் உறவினர் அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்வோரைத் தேடிப்போனதை எழுதியிருக்கிறார். வாயைத் திறந்து கதைப்பதே ஆபத்தாக இருந்த காலத்தில், ஒரு தாய்க்குத் தன் பிள்ளையைப் பற்றிப் பலர் நடுவே கேட்கவும் அழவும் இடம் கிடைத்தது. வாக்கு பலித்ததா என்பது வேறு கேள்வி. அந்தத் தாய் தனியே அழவில்லை என்பதே அதன் பயன். பேயோட்ட நூல் கட்டுவதும் கழிப்புக் கழிப்பதும் ஆட்களைக் கூட்டிவரும் அளவுக்கு உதவக்கூடும். வீட்டைச் சுத்திகரித்துவிட்டு ஆளை மறுபடி தனியே விட்டுப் போனால் அதில் ஆறுதல் ஏது? சாப்பாடும் தூக்கமும் விட்டுப்போய், குரல்கள் தன்னை அழித்துக்கொள்ளச் சொல்கின்றன என்றால் மருத்துவரிடம் கூட்டிப்போகத் தாமதிக்கக்கூடாது. மற்றபடி, வெறுவீட்டை விட்டு வர மறுப்பவரைப் பற்றி ஊர் கேட்கவேண்டிய முதற்கேள்வி வீட்டில் என்ன இருக்கிறது என்பதல்ல. அவரைப் பார்க்க நம்மில் யார் கடைசியாகப் போனோம் என்பதுதான். அந்தக் கேள்விக்கு ஊரில் ஒருவரிடமும் பதில் இல்லையென்றால், பேயைக் குற்றஞ்சாட்ட நமக்கு உரிமையில்லை.