போத்தலின் அடிமண்டி

கள், சாராயம் என்ற சொற்களைக் கேட்டாலே முகஞ் சுளிக்கும் வீட்டிலே பிறந்து வளர்ந்தவன் நான். இன்றுவரை மது அருந்தியதில்லை. இனி அருந்தும் எண்ணமும் இல்லை. அப்படிப்பட்டவன் பியர் காய்ச்சும் கதையைக் குடும்பப் பகுதியிலே எழுதப் புகுந்தது ஏன் என்று வாசகர்கள் வினவுதல் இயல்பே. சென்ற ஆண்டு அமெரிக்காவிலுள்ள உறவினரைக் காணச் சென்றபோது, 15 ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இரசாயனம் பயின்ற மாணவர் ஒருவரின் வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். கலிபோர்னியாவின் சக்கிரமென்டோ நகரில் அவர் பொறியியலாளர். அவருடைய கார்க் கொட்டகையிலே கண்டதுதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

கார் வெளியே வெயிலில் நின்றது. உள்ளே ஒரு பெரிய கிடாரம், நீரமானி, வெப்பமானி, இறப்பர்க் குழாய்கள், நிரையாக அடுக்கிய வெற்றுப் போத்தல்கள், கோடிட்ட அப்பியாசக் கொப்பி ஒன்று.

“இது ஏழாவது முறை, சேர்” என்றார்.

கடையில் விற்கும் ஒரு குறிப்பிட்ட பியரை அச்சொட்டாக வீட்டிலே செய்துவிட வேண்டும் என்பது அவருடைய முயற்சி. ஆறு முறை தோற்றிருக்கிறார். “வாங்கக் கிடைப்பதைச் செய்வானேன், தம்பி?” என்று கேட்டேன். “வாங்கக் கிடைப்பதால்தான் செய்கிறேன், சேர். கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்து விடை போல அது இருக்கிறது. என்னுடையது பிழை என்றால் உடனே தெரிந்துவிடும்” என்றார். ஆசிரியனுக்கு இதைவிட இனிய மறுமொழி வேண்டுமோ!

அவர் நகலெடுக்க விரும்பியது ‘சியரா நெவாடா பேல் ஏல்’ என்னும் பியர். சக்கிரமென்டோவுக்கு வடக்கே ஏறக்குறைய 90 மைல் தொலைவில் சிக்கோ என்னும் ஊரிலே அது பிறந்தது. பிறந்த கதையும் சுவையானது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடந்தது. அது நீங்கியபோது வீட்டிலே முந்திரிகை மது செய்துகொள்ள இடமளித்த சட்டம், வீட்டுப் பியரைச் சேர்க்காமல் விட்டுவிட்டது. அந்தக் குறை தீர 45 ஆண்டுகள் சென்றன. 1978 ஒக்டோபரிலே ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் ஒப்பமிட்ட சட்டத்தின்படி, வயது வந்தவர் ஒருவர் ஆண்டொன்றுக்கு 100 கலன் வரையும், இருவரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள வீட்டில் 200 கலன் வரையும் வரியின்றிக் காய்ச்சலாம், விற்கலாகாது. ஆனால் மாநிலங்களின் சட்டம் வேறு. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை இணங்கவில்லை. (நம் நாட்டில் உரிமமின்றி மது உற்பத்தி செய்வது குற்றம். ஆகவே இதைப் படித்துவிட்டு எவரும் அடுப்பு மூட்ட வேண்டாம்.)

கென் கிரொஸ்மன் என்ற இளைஞர் அச்சட்டம் வருமுன்பே வீட்டுப் பியரில் ஈடுபட்டவர். 1976இல் சிக்கோவிலே வீட்டில் காய்ச்சுவோருக்கான பொருள்களை விற்கும் கடையொன்றைத் திறந்தார். 1980இல் போல் கமூசி என்பவருடன் சேர்ந்து, பழைய பாற்பண்ணைத் தொட்டிகளை வாங்கித் திருத்தி, ஒரு சிறு மதுச்சாலையை அமைத்தார். ஆகவே, இன்று வீட்டிலே நகலெடுக்கப்படும் அந்தப் பியரும் ஆதியிலே வீட்டுப் பியர்க்காரர் ஒருவரின் கைவேலைதான்.

பொருள்களில் மறைபொருள் எதுவும் இல்லை. முளைக்கவைத்து உலர்த்திய வாற்கோதுமை நாலரைக் கிலோ, அதையே சற்றுக் கருக வாட்டிய இனிப்பு வகை அரைக் கிலோவுக்குக் கிட்ட, ஹொப்ஸ் என்னும் கொடியின் பூ, நீர், மதுவம். இவற்றிலிருந்து 19 லீற்றர் பியர் வரும். முளைவிட்ட தானியத்திலே உண்டாகும் நொதியங்கள் மாப்பொருளைச் சீனியாக்கும் ஆற்றலுடையவை. நொறுக்கிய தானியத்தை 67 பாகை சென்ரிகிறேட் வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால் அந்த வேலை முடிந்துவிடும். இனிப்பான அந்நீரை வடித்துக் கொதிக்கவைத்து ஹொப்ஸை இடுவர். தொடக்கத்தில் இடும் பூ கசப்பைத் தரும்; இறக்கும் தறுவாயில் இடுவது மணத்தைத் தரும். சியரா நெவாடாவின் மணத்துக்குக் காரணம் ‘கஸ்கேட்’ என்னும் வகை. 1972இல் ஒரிகன் மாநிலத்திலிருந்து வெளிவந்த அமெரிக்க இனம் அது. ஒரு பூவைக் கையிலே கசக்கித் தந்தார். தோடம்பழத் தோலும் பைன் மரப் பிசினும் கலந்தாற்போல் ஒரு வாசனை. குடியாதவனாகிய நானும் மறுமுறை முகர்ந்தேன் என்பதை ஒளிப்பானேன்?

இனி மதுவத்தைப் பற்றி. நம் பாட்டிமார் அப்பத்துக்கு மாக் கரைக்கும்போது சிறிது கள் விடுவார்களே, அது எதற்காக? கள்ளிலுள்ள கண்ணுக்குத் தெரியாத மதுவம் மாவைப் பொங்கச் செய்யும் என்பதற்காக. பனையிலே கட்டும் முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் கருப்பநீர், தடவாவிட்டால் கள். இரண்டையும் பிரிப்பது அந்த நுண்ணுயிரே. சீனியைத் தின்று மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் அது வெளிவிடுகிறது. பியரிலும் கதை அதுவே. மனிதன் காய்ச்சுவது இனிப்பு நீரை மட்டுமே. பியரை ஆக்குவது மதுவம்.

சியரா நெவாடாவினர் போத்தலுக்குள்ளேயே மதுவத்தைச் சிறிது வேலை செய்யவிட்டு வாயுவை உண்டாக்கினர். அதனால் போத்தலின் அடியிலே மெல்லிய மண்டி படியும். அந்த மண்டியில் உயிருள்ள மதுவம் இருப்பதை வீட்டுப் பியர்க்காரர்கள் கண்டுகொண்டனர். போத்தலைக் காலிசெய்து, கடைசி ஒரு விரற்கடை நீரைக் கொதித்தாறிய மோல்ற் பாகில் விட்டால், தயிருக்கு உறை மோர் விட்டாற்போல் அது பெருகும். பூட்டிவைக்க வேண்டிய தொழில் இரகசியத்தைப் போத்தலுக்கு ஒரு துளியாக மதுச்சாலையே விற்றுவந்தது என்று சொல்லலாம்! அவ்வகை இன்று ‘சிக்கோ’ என்ற பெயரால் அறியப்பட்டுப் பொட்டலமாகவே கடையிற் கிடைக்கிறது.

பொருள் ஒன்று, மதுவம் ஒன்று. பின் ஆறு முறை தோற்றது ஏன்? கொப்பியைப் புரட்டினேன். முதல் மூன்று முறையும் வெப்பமே பகை. அப்பள்ளத்தாக்கிலே கோடைப் பகலில் 38 பாகையைத் தாண்டும். இந்த மதுவத்துக்கு உகந்ததோ 18 முதல் 20 பாகை. போதாததற்கு, நொதிக்கும்போது அதுவே வெப்பத்தை வெளிவிடும். சூடு மிஞ்சினால் மதுவம் விரைந்து வேலை செய்யும். வேண்டாத பழவாடையும் நெடியும் சேரும். தாழியை நீர்த்தொட்டியில் இருத்தி, ஈரத்துணி சுற்றி, மின்விசிறியை எதிரே வைத்தாராம். “மண்பானைத் தண்ணீர் குளிர்வதற்கு நீங்கள் தந்த விளக்கந்தான், சேர்.” அந்த வறண்ட காற்றில் உபாயம் பலித்தது. நான்காம் முறை நனைந்த கடதாசி வாடை. தொடக்கத்தில் மதுவம் பெருக ஒட்சிசன் வேண்டும். நொதித்து முடிந்தபின் அதே ஒட்சிசன் கேடு. போத்தலில் ஊற்றும்போது சளசளவென்று காற்றைக் கலந்துவிட்டார். ஐந்தும் ஆறும் கசப்பு மழுங்கிப்போயின. குழாய் நீரின் இரசாயன அறிக்கையைத் தேடிப் படித்து, ஜிப்சம் என்னும் கல்சியம் சல்பேற்றைச் சிறிதளவு சேர்த்தார், கசப்புத் துலங்கியது.

இவ்விடத்திலே எனக்கொரு செய்தி சொன்னார். தொடக்கத்தில் கிரொஸ்மனும் பேல் ஏலைக் காய்ச்சிக் காய்ச்சிக் கீழே கொட்டினாராம். கெட்டுப்போனதாலன்று, ஒரு முறை வந்தது மறுமுறை வராததால். எண்ணிப் பார்த்தால், மதுச்சாலையும் நாள்தோறும் தன்னையே நகலெடுத்துக்கொண்டிருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு வாற்கோதுமை மாறும், பூவின் வீரியம் மாறும். குடிப்பவன் நாவுக்கு மட்டும் மாறலாகாது. என் மாணவரும் அந்த மதுச்சாலையும் எழுதுவது ஒரே பரீட்சையைத்தான்.

அதனால்தானோ என்னவோ, இத்தொழிலாளர் சிலர் செய்முறையை மறைப்பதில்லை. ஸ்கொத்லாந்தின் ‘புரூடோக்’ நிறுவனம் 2016இல் தன் 215 செய்முறைகளை வீட்டில் காய்ச்சுவோருக்கென இலவசமாக வெளியிட்டது. 2018 நவம்பரில் சிக்கோவுக்கு அருகிலுள்ள பரடைஸ் என்னும் ஊரைக் காட்டுத்தீ அழித்தது. 85 பேர் மாண்டனர். சியரா நெவாடாவினர் அப்போது ‘றெசிலியன்ஸ்’ என்ற புதிய பியரொன்றின் செய்முறையைப் பிற மதுச்சாலைகளுக்கு அனுப்பி, ‘இதைக் காய்ச்சி விற்று வரும் பணம் முழுவதையும் நிவாரணத்துக்குத் தாருங்கள்’ என வேண்டினர். ஆயிரத்துக்கு மேற்பட்ட சாலைகள் காய்ச்சின.

ஏழாவது முறைக்கு வருவோம். நீரமானி 1.053இல் தொடங்கி 1.010இல் நின்றிருந்தது. அதாவது மதுசாரம் 5.6 வீதம், மூலத்தின் அளவும் அதுவே. சனிக்கிழமை மாலை அயலவர் ஐவர் வந்தனர். பரீட்சை மேற்பார்வையாளர் நான். ஒவ்வொருவருக்கும் நிறம் தெரியாத மூன்று கடதாசிக் கோப்பைகள். இரண்டில் ஒன்று, மூன்றாவதில் மற்றது. வேறுபட்டது எதுவெனச் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றிலொருவர் சரியாகச் சொல்லிவிடுவர் என்பதை நினைவில் வைத்தல் வேண்டும்.

ஐவரில் நால்வர் சரியாகச் சொல்லிவிட்டனர். அது தற்செயலாக நிகழ 100க்கு 5க்கும் குறைந்த வாய்ப்பே உண்டு. நகல் பிடிபட்டுவிட்டது. மாணவரின் முகம் வாடியது. பரீட்சைப் பெறுபேற்றுப் பலகையின் முன் அந்த முகத்தை முன்னரும் கண்டிருக்கிறேன். ஆறுதலுக்காக, “இவற்றுள் கடைப் பியர் எது?” என்று நால்வரையும் கேட்டேன். மூவர் அவருடையதையே காட்டினர். மணம் அதிகம் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

எல்லோரும் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை. கடைப் போத்தலை எடுத்து அதில் அச்சிட்டிருந்த திகதியைப் பார்த்தார். அடைத்து இரண்டு மாதத்துக்கு மேலாகியிருந்தது. ஹொப்ஸின் மணம் நாளாக நாளாகக் குன்றும். “பழையதோடு புதியதை ஒப்பிட்டுவிட்டேன், சேர். சோதனையே பிழை” என்றவர், கொப்பியில் எட்டு என்று எழுதி அடிக்கோடிட்டார். மறுநாட் காலை என்னை இரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு, சிக்கோவுக்கே சென்று புதுப் போத்தல் வாங்கி வருவதாக வண்டியை வடக்கே திருப்பினார்.