பதினாறு வயதில் கல்லூரி: எர்ணாவூர், அன்றும் இன்றும்

1970களின் தொடக்கத்தில் வடசென்னையின் எர்ணாவூர்ப் பிள்ளைக்குப் பள்ளிப் படிப்பு பதினோராம் வகுப்போடு முடிந்தது. எஸ்.எஸ்.எல்.சி. தேறும்போது வயது பதினாறு. மேலே படிப்பதென்றால் அந்த வயதிலேயே கல்லூரிக்குப் போயாக வேண்டும். அங்கே ஓராண்டு பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பு, அதன்பின் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு. பையன்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, பழைய வண்ணாரப்பேட்டையில் 1950இல் தொடங்கிய சர் தியாகராயா கல்லூரி. பெண்களுக்கு 1964இல் பாரதி மகளிர் கல்லூரி வந்தது.

ஆனால் அந்த ஓராண்டு பலரைக் கவிழ்த்தது. கணக்கையும் அறிவியலையும் தமிழிலேயே படித்து வந்தவர்களுக்கு, கல்லூரியில் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தயங்கி நின்றால் கைபிடித்து நடத்த ஆளில்லை; வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், அங்கே யாரும் கல்லூரிப் பக்கம் போனதில்லை. 'பி.யூ.சி. பெயில்' என்பது அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு கேட்ட பேச்சு. அப்படி நின்றவர்கள் லேலண்ட் வாகன ஆலையில் அப்ரண்டிஸாகவோ, விம்கோ தீப்பெட்டி ஆலையிலோ, துறைமுகத்திலோ வேலை தேடிப் போனார்கள். படிப்பு ஏறாதவர்கள் அல்லர் அவர்கள். கல்லூரி எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே யாரும் காட்டியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தது. 1980இல் முதல் பிளஸ் டூ தேர்வு நடந்தது. பி.யூ.சி. போய், பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டும் பள்ளிக்குள்ளேயே தமிழில் படிக்கக் கிடைத்தன. பஸ் செலவு மிச்சமானது, பெண் பிள்ளைகளின் படிப்பு நீண்டது. இது பெரிய நன்மை. கூடவே ஒன்று நடந்தது. கல்லூரி வாசலை மிதிக்கும் வயது பதினேழு, பதினெட்டுக்குத் தள்ளிப்போனது. ஆங்கிலவழிப் பாடத்தின் அதிர்ச்சி பி.யூ.சி.யிலிருந்து பட்டப்படிப்பின் முதலாண்டுக்கு இடம் மாறியது.

இப்போது பதினாறு வயதில் கல்லூரியைத் தொடும் அந்தக் கதவு மறுபடியும் கொஞ்சம் திறந்திருக்கிறது. சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்புக்குப் பதினோராம் வகுப்பு முடித்தவர்களே விண்ணப்பிக்கலாம். ஜேஇஇ நுழைவுத் தேர்வு தேவையில்லை. கணிதம், புள்ளியியல், கணினிச் சிந்தனை, ஆங்கிலம் ஆகிய பாடங்கள் நான்கு வாரம் காணொளியில் வரும். வாராவாரம் பயிற்சிக் கணக்குகளை முடித்து அனுப்ப வேண்டும். பிறகு தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். தேறினால் இடம் உறுதி. பிளஸ் டூ முடித்ததும் சேரலாம். முதலில் சொல்லிக்கொடுத்துவிட்டு அதிலிருந்தே சோதிக்கும் நுழைவுத் தேர்வு இது. வருமானத்தையும் சமூகப் பிரிவையும் பார்த்துக் கட்டணச் சலுகையும் தருகிறார்கள்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்கென்று அதே ஐஐடி எட்டு வாரச் சான்றிதழ் வகுப்புகளையும் நடத்துகிறது. அவற்றில் தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் ஒன்று, மின்னணுவியல் இன்னொன்று. 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம், எந்தப் படிப்பு எங்கே இருக்கிறது என்பதைப் பள்ளியிலேயே சொல்லித் தருகிறது.

இவை எர்ணாவூர் வரை வந்து சேர்கின்றனவா என்பதுதான் என் கவலை. சுனாமியில் வீடிழந்தவர்களுக்குக் கட்டிய குடியிருப்பில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். இருப்பது ஒரே போன். காலையில் அது அப்பாவோடு கன்டெய்னர் யார்டுக்குப் போய்விடும். இரவு அது படிக்கும் பிள்ளையின் கைக்கு வரும்போது தம்பி தூங்கியிருப்பான், விளக்கை அணைக்கச் சொல்வார்கள். இலவசமாகவே கிடைத்தாலும் காணொளிப் பாடத்துக்கு உட்கார ஓர் இடமும் சந்தேகம் கேட்க ஓர் ஆளும் வேண்டும். இவ்வளவும் தாண்டி வாங்கும் சான்றிதழ் பிளஸ் டூ மதிப்பெண்ணிலும் சேராது.

அதைக் கணக்கில் சேர்க்க வழி இருக்கிறது. அமெரிக்காவில் கனெக்டிகட் பல்கலைக்கழகம் 1955 முதலே உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கல்லூரிப் பாடம் நடத்தி, பின்னால் பட்டப்படிப்பில் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. நமக்கும் இது புதிதல்ல. பிளஸ் டூ முடித்தவர்களை நம் பாலிடெக்னிக்குகள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்கின்றன. பள்ளியில் படித்ததை மேற்படிப்பின் ஓராண்டாக மதிக்கிற அந்த வழக்கத்தைக் கலை, அறிவியல் கல்லூரிகளுக்கும் நீட்டலாம்.

பாதை ஏற்கெனவே போட்டாயிற்று. 2021இல் எர்ணாவூரை ஒட்டிய விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது. அதே தடத்தில் சர் தியாகராயா கல்லூரி நிலையமும் இருக்கிறது, ஐஐடி பக்கமுள்ள கிண்டியும் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் வடசென்னைக் கல்லூரிகள் தங்கள் ஆய்வகத்தையும் கணினி அறையையும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறக்கட்டும். பாடம் நடத்தட்டும், தேர்வு வைக்கட்டும், தேறியதைப் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளட்டும். அன்று பி.யூ.சி.யில் பெயிலான தலைமுறைக்கு ஒரு முறைதான் வாய்ப்பு கிடைத்தது, அதுவும் தயாராவதற்கு முன்பே. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு முதலில் பழக்கிவிட்டுப் பிறகு சோதிப்பதே நியாயம்.