வயலுக்குத் திரும்புவது எவ்வளவு?

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையின் வயல்வெளிகள் சூழ அமைந்தது கொக்கட்டிச்சோலை. தான்தோன்றீச்சரர் ஆலயத்தால் பெயர்பெற்ற இவ்வூர், நெல்லாலும் கால்நடையாலும் வாழ்வது. வைக்கோல் மாட்டுக்கும், சாணம் வயலுக்கும், உமி அடுப்புக்கும் செல்லும் ஊரைச் சுழற்சிப் பொருளாதாரத்தின் முன்மாதிரி என்று போற்றிவிடலாம். ஆனால் போற்றுதல் அளவையாகாது. எடுத்ததில் எவ்வளவு திரும்புகிறது என்பதே அறிவியல் எழுப்பும் வினா.

உலகளவில் இவ்வினாவுக்கு ஒரே எண்ணில் விடை தரும் முயற்சிகள் உள்ளன. மாந்தர் பயன்படுத்தும் பொருள்களுள் மீண்டும் பயனுக்கு வந்தவை 9.1 விழுக்காடு என்று 2018இல் வெளியான சுழற்சி இடைவெளி அறிக்கை கணித்தது; 2023ஆம் ஆண்டின் அறிக்கையில் அது 7.2 ஆகக் குறைந்தது. உலகம் பின்னடைவதை உணர்த்த இவ்வெண் போதும். ஓர் ஊர் என்ன செய்ய வேண்டும் என்பதை உணர்த்த அது போதாது. எடையால் மட்டும் அளக்கும்போது ஒரு தொன் மணலும் ஒரு தொன் செம்பும் ஒன்றாகிவிடுகின்றன.

வயலை எடுத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேயரில் 4 தொன் நெல் விளைவதாகக் கொண்டால், ஏறத்தாழ அதே எடையில் வைக்கோலும் கிடைக்கும். ஒவ்வொரு தொன் நெல்லுக்கும் பயிர் மண்ணிலிருந்து 15 முதல் 20 கிலோ நைதரசனையும், ஏறக்குறைய அதேயளவு பொற்றாசியத்தையும், 2 முதல் 3 கிலோ பொசுபரசையும் உறிஞ்சுகிறது. வைக்கோல் முழுவதையும் வயலிலேயே விட்டால் சுழற்சி எவ்வளவு? எடையால் அளந்தால் பாதி. நைதரசனால் அளந்தால் 40 விழுக்காட்டை ஒட்டி. பொசுபரசால் அளந்தால் மூன்றில் ஒரு பங்கு. பொற்றாசியத்தால் அளந்தாலோ 80 விழுக்காட்டுக்கும் மேல். செயல் ஒன்றே, விடைகள் நான்கு. இந்நான்கையும் கூட்டிச் சராசரி காண்பது மண்ணுக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன். நைதரசன் குறைந்து வெளிறிய பயிரைப் பொற்றாசியத்தின் மிகுதி பசுமையாக்காது.

அந்த வைக்கோலுக்கு எரியூட்டினால் கணக்கு மேலும் மாறும். பொற்றாசியத்தில் பெரும்பகுதி சாம்பலில் தங்கும். நைதரசனோ ஏறத்தாழ முழுவதும் புகையோடு போய்விடும். நம் ஹெக்டேயரில் அது சுமார் 28 கிலோ. 50 கிலோ யூரியா மூட்டையில் உள்ள நைதரசன் 23 கிலோதான். மறுபுறம், பச்சை வைக்கோலை நீர் தேங்கிய சேற்றில் உழுதால் மீதேன் வெளியேற்றம் கூடும். அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணின் நைதரசனைச் சில வாரங்களுக்குத் தம்முள் பிடித்துவைக்கும். ஆகவே திரும்பிய அளவோடு, திரும்பிய காலத்தையும் வடிவத்தையும் குறித்தாக வேண்டும்.

அளவாமல் சுழற்சியை ஆணையிட்டதன் விலையை இலங்கை அறியும். 2021 மே மாதத்தில் செயற்கை உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை விலக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களின் பாதிப்பு அடுத்த பெரும்போக விளைச்சலில் நாடெங்கும் தெரிந்தது. நோக்கம் தவறன்று, கணக்குத்தான் இல்லை. ஒரு மூட்டை யூரியாவின் நைதரசனைத் தர ஏறத்தாழ 5 தொன் ஈரச் சாணம் வேண்டும். பெரும்போகத்தில் மாட்டுப் பட்டிகள் தொலைவிலுள்ள மேய்ச்சல் தரைகளுக்கு ஓட்டப்படும்போது, அந்தச் சாணமும் வயலுக்கு அப்பால்தான் விழுகிறது.

ஊரின் எல்லையில் இன்னொரு கசிவு உண்டு. 2014இல் வாவியின் குறுக்கே மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. அதன் வழியே வெளியூர் செல்லும் ஒவ்வொரு நெல் மூட்டையும் படுவான்கரை மண்ணின் பொசுபரசைச் சுமந்து செல்கிறது. நகரத்தில் உண்ணப்படும் அச்சோற்றின் பொசுபரசு கழிவுக்குழியில் முடிகிறது, மீள்வதில்லை. வயலில் இட்ட யூரியாவிலும் பயிர் ஏற்பது பெரும்பாலும் பாதிக்கும் குறைவு. எஞ்சியதில் ஒரு பகுதி வளியாகிறது. ஒரு பகுதி வடிகாலில் கலந்து வாவியை நாடுகிறது. அங்கு பாசியும் ஆற்றுவாழையும் அதை உண்டு பெருகும். வயலின் இழப்பு, மீனவரின் தோணிக்கும் வலைக்கும் இடராகிறது.

இத்தகைய ஊருக்கு ஏற்ற அளவுகோல் எளியது. ஒரு தொன் நெல்லுக்கு எத்தனை கிலோ யூரியா செலவாகிறது என்பதைக் கமநல சேவை நிலையம் ஒவ்வொரு போகத்துக்கும் வயல் வட்டைவாரியாகப் பதியலாம். வைக்கோல் எரிந்த ஏக்கர்களையும் அதே ஏட்டில் குறிக்கலாம். விளைச்சல் குன்றாமல் முதல் எண் இறங்கினால் அது முன்னேற்றம். விளைச்சலும் சேர்ந்து இறங்கினால் அது வறுமை. மண் தன் சேமிப்பை இழந்து அந்த எண்ணைப் பொய்யாகக் குறைத்துக் காட்டவும் கூடும். அதனால் குறித்த சில வயல்களில், அறுவடைக்குப் பின், ஒரே ஆழத்தில் எடுத்த மண்ணின் சேதனக் காபனையும் பொசுபரசையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். சேதனக் காபன் மெல்லவே மாறும். பத்தாண்டுப் பதிவின்றி அதன் போக்கு தெளியாது. அப்பதிவை வரும் பெரும்போகத்திலேயே தொடங்கலாம்.