பலா இலைக் கிரீடம்

2020 மார்ச்சில் கேரளத்தின் அங்கன்வாடிகள் மூடப்பட்டபோது, அரசு முதலில் கவலைப்பட்டது சாப்பாட்டைப் பற்றி. மதிய உணவு குழந்தைகளின் வீடு தேடிப் போனது. பாடம் வர ஜூலை ஆயிற்று. திருவனந்தபுரத்திலிருந்து இயங்கும் விக்டர்ஸ் கல்வி சேனலில் 'கிளிக்கொஞ்சல்' என்ற நிகழ்ச்சி தொடங்கியது. 2005-ல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கிவைத்த விக்டர்ஸ், அதுவரை பள்ளி மாணவர்களுக்கானது. இப்போது 3 முதல் 6 வயது வரையுள்ள வாண்டுகளுக்காகப் பாட்டு, கதை, கைவேலை என்று இறங்கி வந்தது.

ஆனால் தொலைக்காட்சி விரலைப் பிடித்துச் சொல்லித் தராது. மூன்று வயதுக் குழந்தையின் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார வேண்டும். கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு அந்த அரை மணி நேரம் கிடைப்பதே பெரும்பாடு. நேரம் இருக்கிற வீடுகளிலோ சாலை பஜாரில் வாங்கிய சார்ட் அட்டையும் ஜிகினாவும் தயார். ஆனால் வெட்டுவது அம்மா, ஒட்டுவது அப்பா. குழந்தை வேடிக்கை பார்க்கும். அழகான பொம்மைதான், குழந்தைக்கு அதில் பங்கு இல்லை.

கடைக்குப் போகாமலே நடக்கக்கூடிய காரியம் இது. பலா மரம் உள்ள கொல்லையில் பழுத்து விழுந்த இலைகளே போதும். குழந்தை அவற்றைப் பொறுக்கிவரட்டும். பெரிது, சிறிது என்று பிரிப்பதும், ஒன்று இரண்டு என்று எண்ணி அடுக்குவதும் அதன் வேலை. ஒரு இலையின் ஓரத்தை அடுத்ததன் மேல் வைத்து ஈர்க்குக் குச்சியால் தைத்துக்கொண்டே போனால் கிரீடம். அதே இலையைக் கூம்பாகச் சுருட்டிக் குத்தினால் கஞ்சி குடிக்கும் கரண்டி. கேரளத்துத் தாத்தா பாட்டிகள் பலர் அதில் கஞ்சி குடித்தவர்கள்தான். ஈர்க்கைச் செருகும்போது கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து இயங்குகின்றன. பின்னாளில் பென்சில் பிடிக்கப்போவதும் அதே விரல்கள். எழுத்தைத் திணிக்கும் அவசரத்தில் நர்சரிப் பள்ளிகள் பல இதை மறந்துவிடுகின்றன.

தென்னை ஓலையில் காற்றாடி, பாம்பு, பந்து எல்லாம் உண்டு. பந்து முடைவது பெரியவர் கைக்குத்தான் வரும். காற்றாடியை நான்கு வயதுக் குழந்தை பாதி செய்துவிடும். எந்தப் பக்கம் பிடித்தால் சுற்றுகிறது என்பதைத் தானே ஓடிப் பார்த்துக் கண்டுபிடிக்கும்.

எச்சரிக்கையும் தேவை. ஈர்க்கின் கூர்நுனியைக் கிள்ளிவிட வேண்டும். எண்ணிப் பழகச் சிவப்பு மஞ்சாடி விதைகளைத் தருகிறவர்கள், கருப்புப் பொட்டு வைத்த குன்றிமணி அதில் கலந்துவிடாமல் பார்க்க வேண்டும். அது கொடிய விஷம். எதையும் வாயில் போடும் வயதில் மஞ்சாடியும் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

அங்கன்வாடிகள் 2022 பிப்ரவரியில் மறுபடி திறந்தன. மத்திய அரசும் 2023-ல் 'ஜாதூயி பிட்டாரா' என்ற பெயரில், 3 முதல் 8 வயதுக்காரர்களுக்குப் பொம்மைகளும் புதிர்களும் அடங்கிய பெட்டியை அறிமுகப்படுத்தியது. பெட்டி வந்து சேராத வீட்டிலும் இலை உதிரும். குழந்தை தைத்த கிரீடம் கோணலாகத்தான் இருக்கும். மறுநாள் காலையில் காய்ந்து சுருண்டும் போகும். மறுபடி இலை பொறுக்கக் கிளம்ப வேண்டியதுதான்.