கோட்டைக்குள் மான்கள்

திருகோணமலைக்குப் போனால் பிரெட்றிக் கோட்டை வாசலிலேயே இறங்கி, கோணேசர் கோயில்வரை நடந்து பாருங்கள். பழைய கோயிலை இடித்த கற்களைக் கொண்டு போர்த்துக்கேயர் 1624இல் எழுப்பிய கோட்டை இது. பிறகு ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறியது. வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெல்லஸ்லிகூட 1800இல் திருகோணமலைக்கு வந்தவர்தான்.

அதெல்லாம் இருக்கட்டும், பிள்ளைகள் தேடுவது மான்களைத்தான்! மர நிழலில் புள்ளிமான்கள் ஆட்களுக்கு அஞ்சாமல் அசைபோட்டபடி படுத்திருக்கும். அர்ச்சனைத் தட்டில் வாழைப்பழத்தைக் கண்டால் எழுந்து கிட்டவே வந்துவிடும். பழவாசனை ஒட்டிய பொலித்தீன் பையையும் சேர்த்து விழுங்கும். அது வயிற்றில் தங்கி உயிரையே எடுத்துவிடும். கோயிலுக்குப் பழம் கொண்டுபோகிறவர்கள் பனையோலைப் பெட்டியில் கொண்டுபோங்கள்.