பஞ்சப்படி இல்லாத வீடுகள்

மாலை ஏழு மணி. திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு தெருவில் மளிகைக் கடை. வேலை முடிந்து வந்த பெண் ஒருவர் வாசலில் நின்றபடியே சொல்கிறார்: “அண்ணாச்சி, நூறு பருப்பு, அம்பது புளி, சின்ன பாக்கெட் எண்ணெய் ஒண்ணு. நோட்டுல எழுதிக்கங்க, சனிக்கிழம சம்பளம் வந்ததும் தந்துடறேன்.” அண்ணாச்சி நோட்டைப் புரட்டுகிறார். போன வாரத்துப் பாக்கி அப்படியே நிற்கிறது. ஒன்றும் சொல்லாமல் பருப்பை நிறுக்கிறார்.

வடசென்னையில் ராயபுரம் முதல் எண்ணூர் வரை இப்படிப்பட்ட கடன் நோட்டு இல்லாத மளிகைக் கடையைப் பார்ப்பது அரிது. விலை ஏறும் மாதங்களில் அதில் பொருள்களின் பெயர்கள் மாறுவதில்லை, அளவுகள் மாறுகின்றன. கிலோ அரைக் கிலோவாகிறது, அரை கால் ஆகிறது, கால் நூறு கிராமுக்கு வந்து நிற்கிறது. சமையல் அதே சாம்பார்தான். பருப்பு மட்டும் குறைந்து, தண்ணீர் கூடியிருக்கும்.

இதே தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் ஒன்றில் பெரிய தொழிற்சாலையின் நிரந்தரத் தொழிலாளி. மற்றதில் அதே தொழிற்சாலைக்குள் அதே கேட் வழியாகப் போய்வரும் ஒப்பந்தத் தொழிலாளி. தக்காளி இருவருக்கும் ஒரே விலை. ஆனால் முதல் வீட்டுச் சம்பளச் சீட்டில் பஞ்சப்படி என்றொரு வரி இருக்கும். பெரும்பாலும் இரண்டாவது வீட்டில் சம்பளச் சீட்டே இருக்காது.

விலை ஏறும்போது சம்பளத்தோடு சேரும் இந்தப் படியை அரசு ஊழியர்கள் அகவிலைப்படி என்கிறார்கள். ஆலைத் தொழிலாளர்கள் வாயில் அது பஞ்சப்படிதான். தானிய விலை ஏறினால் வீட்டுக்குள் பஞ்சம் வரும் என்ற அனுபவம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அந்த அனுபவம் இந்தப் பகுதிக்குப் பழையது. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா, செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு, திரு.வி.க. ஆகியோர் முன்நின்ற அந்தச் சங்கம் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று. முதல் உலகப் போர் காலத்து விலையேற்றம் உச்சத்தில் இருந்த ஆண்டு அது. அதே ஆண்டு செப்டம்பரில் அரிசி விலை தாங்காமல் சென்னையில் கடைகள் சூறையாடப்பட்டன. விலையோடு சேர்ந்து கூலியும் ஏற வேண்டும் என்ற கோரிக்கை அந்தத் தலைமுறை பட்ட பாட்டில் வளர்ந்தது.

இன்று அந்தக் கணக்குக்கு அடிப்படை, மத்திய தொழிலாளர் பணியகம் மாதந்தோறும் வெளியிடும் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டு எண். 2016-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு நாடெங்கும் 88 மையங்களில் விலை திரட்டுகிறார்கள். சென்னையும் அதில் ஒரு மையம். தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியோடு சேரும் பஞ்சப்படியும் சென்னைக் குறியீட்டு எண்ணை வைத்தே ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறுகிறது. ஆக, சட்டப்படி பார்த்தால் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் விலையேற்றத்துக்கு ஈடு உண்டு. ஆனால் வாரக் கூலியை மொத்தமாக எண்ணிக் கையில் கொடுக்கும் இடத்தில், அதில் அடிப்படை எவ்வளவு, படி எவ்வளவு என்று கேட்க யாரால் முடியும்? கேட்டவருக்கு மறுவாரம் வேலை இருக்குமா என்பது அடுத்த கவலை.

அந்தக் குறியீட்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. முந்தைய 2001 அடிப்படையில் உணவுக்கு 46 சதவீதம் எடை கொடுத்திருந்தார்கள். 2016 அடிப்படையில் அது 39.17 சதவீதமாகக் குறைந்தது. நாட்டின் சராசரித் தொழிலாளிக் குடும்பம் கல்வி, மருத்துவம், போக்குவரத்து என்று கூடுதலாகச் செலவழிக்கத் தொடங்கிவிட்டதால் வந்த மாற்றம் இது, அதில் தவறில்லை. ஆனால் வருமானத்தில் பாதியும் சோற்றுக்கே போகிற வீடும் இருக்கிறது. பருப்பும் எண்ணெயும் ஏறும்போது அந்த வீட்டில் விழும் அடி, குறியீட்டு எண் காட்டுவதைவிடப் பலமானது.

அப்படியானால் பஞ்சப்படி இல்லாத வீட்டைத் தாங்குவது எது? முதல் பதில் ரேஷன் கடை. அரிசி அட்டை உள்ள நான்கு பேர் குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ அரிசி. 2011 ஜூன் முதல் அதற்கு விலையே கிடையாது. 2007-இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். சர்க்கரை 2017-இல் 13.50-லிருந்து 25 ரூபாயாக ஏறியது. வெளிக் கடையில் துவரம் பருப்பு கிலோ 150 ரூபாயைத் தாண்டிய மாதங்களில், பருப்பு, பாமாயில், சர்க்கரை மூன்றிலேயே ஒரு வீட்டுக்கு 200 ரூபாய்க்கு மேல் மிச்சமாகியிருக்கும். ரேஷன் புழுங்கல் அரிசியைச் சோற்றுக்கு வைக்காதவர்கள்கூட இட்லி மாவுக்கு ஊறப்போடுகிறார்கள். கடையில் மாவு பாக்கெட் வாங்கும் செலவு அதில் மிச்சம்.

அதனால்தான் ரேஷன் கடை வாசலில் தினமும் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று. “பாமாயில் வந்துடுச்சாண்ணா?” “இன்னும் லோடு வரலக்கா, நாளைக்குப் பாருங்க.” 2024 மே மாதம் பருப்பும் பாமாயிலும் வந்து சேரத் தாமதமாகி, அந்த மாதப் பங்கை ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. மாதச் சம்பளக்காரருக்கு அது ஒரு செய்தி. நூறு கிராம் பருப்பு வாங்குகிறவருக்கோ நான்கு வாரம் வெளிவிலை கொடுக்க வேண்டிய கட்டாயம். பொருள் என்றைக்கு வரும் என்பதைக் கடைப் பலகையில் நேர்மையாக எழுதிப்போட்டாலே பாதி அலைச்சல் குறையும். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்புகிறவருக்கு, போன கூலிதான் பாமாயிலின் உண்மையான விலை.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் பறந்தபோது, சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றார்கள். ஆளுக்கு ஒரு கிலோ என்ற அளவில், வந்த வேகத்தில் தீர்ந்துபோனது. அந்த மாதம் பல வீடுகளில் ரசத்தில் தக்காளி இல்லை, புளி மட்டும். புளிக்குழம்பு, கருவாட்டுக் குழம்பு, மோர்க்குழம்பு என்று தக்காளி கேட்காத சமையல் நம்மிடம் நிறையவே இருக்கிறது. பஞ்சப்படி இல்லாத வீட்டுப் பெண்களுக்கு இந்தப் பட்டியல் எப்போதும் மனப்பாடம்.

இரண்டாவது பதில் பேருந்து. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. தண்டையார்பேட்டையிலிருந்து பாரிமுனைக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இதுவே பஞ்சப்படி. ஆண்களுக்கு இருப்பது கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயில். கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என்று தொழிற்சாலை வாசல்களை ஒட்டியே ஓடுகிறது. குறைந்தபட்சக் கட்டணம் இன்னும் 5 ரூபாய்தான். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தபோது ஊர் மகிழ்ந்தது. தினக்கூலிக்காரர் பெரும்பாலும் மின்சார ரயிலிலும் ஷேர் ஆட்டோவிலும்தான் இன்னும் போகிறார்.

வண்டி விஷயத்துக்கு வருவோம். எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலிருந்தும் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் புதுக் கார்கள் கப்பலேறுகின்றன. ஆனால் இந்தத் தெருக்களில் வண்டி என்றால் பெரும்பாலும் பைக், ஆட்டோ, அல்லது வாடகைக்கு ஓட்டும் டிராவல்ஸ் கார். இவற்றின் ஷோரூம் விலையைவிடச் சாலைக்கு வரும் விலைதான் ஆளை அடித்தது. 2018 செப்டம்பரிலிருந்து புது பைக்குக்கு ஐந்தாண்டு, காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை மொத்தமாகக் கட்ட வேண்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தது. 2023 நவம்பரில் தமிழ்நாடு சாலை வரியை உயர்த்தியது: ஒரு லட்சம் வரையிலான பைக்குக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12. கார்களுக்கு விலையைப் பொறுத்து 12 முதல் 20 வரை.

2025 செப்டம்பர் 22-இல் ஓர் ஆறுதல் வந்தது. சிறிய கார்கள், 350 சிசி வரையிலான பைக்குகள், ஆட்டோக்கள் மீதான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. 1955-இல் திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கிய புல்லட்டின் 350 சிசி வகைகளுக்கும் இது பொருந்தும். அதைவிடப் பெரிய பைக்குகளுக்கு வரி 40 சதவீதமாக ஏறியது. அதே நாளில் மளிகைப் பக்கம் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகியவை 18-லிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. பழைய வண்டி வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: தனியாரிடமிருந்து நேராக வாங்கினால் ஜிஎஸ்டி இல்லை. வியாபாரி மூலம் வாங்கினால் அவருடைய லாபத்தின் மீது மட்டும் வரி. எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று, காப்பீடு, பெயர் மாற்றம் மூன்றையும் விலையோடு கூட்டிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

ஆட்டோ ஓட்டுநர் நிலைமை வேறு. 2013 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அப்போது சென்னையில் பெட்ரோல் 80 ரூபாயைக்கூடத் தொடவில்லை. 2022-இல் அது 110 ரூபாயைத் தாண்டி, வரிக் குறைப்புக்குப் பின்னும் 100-க்குக் கீழே வராமல் நின்றது. அரசு அறிவித்த அந்தக் கட்டணமோ பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தும் அசையவில்லை. மீட்டர் போட்டால் ஓட்டுநருக்கு நஷ்டம், போடாவிட்டால் பயணியோடு சண்டை. பஞ்சப்படி என்ற ஏற்பாடே இல்லாத தொழில் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம். இந்தக் கட்டணத்தை ஆண்டுதோறும் எரிபொருள் விலையோடு இணைத்து மாற்றுவதுதான் இரு தரப்புக்கும் நியாயம்.

வாடகை வீட்டுக்கு இன்னொரு சுமை, மின்சாரம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லா வீட்டு இணைப்புக்கும் இலவசம். 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரை சலுகை விலை. 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்தச் சலுகை போய், பில்லில் 200 ரூபாய்க்கு மேல் கூடிவிடும். மீட்டரை மாத நடுவில் ஒருமுறை எட்டிப் பார்க்கும் வழக்கம் அந்தப் பணத்தைக் காப்பாற்றும். ஆனால் ஒரே இணைப்பில் நாலைந்து குடித்தனங்கள் இருக்கும் வீட்டில், இலவச 100 யூனிட் குடித்தனக்காரர் கண்ணிலேயே படாது. உள்மீட்டர் போட்டு யூனிட்டுக்கு 8, 10 என்று வீட்டுக்காரர் வாங்குகிறார். சலுகை மிகவும் தேவைப்படும் வீட்டுக்கு அது போய்ச் சேர்வதில்லை. நிலத்தடி நீர் உப்பாகிப்போன கடலோரத் தெருக்களில் கேன் தண்ணீரும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

மளிகையில் ஏமாறாமல் இருக்க ஒரு வழி, பாக்கெட்டின் பின்பக்கம் பார்ப்பது. 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட்டின் விலையை மாற்றாமல் எடையைக் குறைப்பது நிறுவனங்களின் வழக்கம். இப்போது விலையோடு ஒரு கிராமுக்கு என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதை ஒப்பிட்டால் சில ஆச்சரியங்கள் கிடைக்கும். பருப்பும் எண்ணெயும் சிறிய அளவில் வாங்கினால் விலை கூடுதல். ஆனால் ஷாம்புவில் பல நேரம் பாட்டிலைவிட ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் சாஷேதான் மலிவு. கடலூரில் சின்னி கிருஷ்ணன் தொடங்கிவைத்த அந்தச் சிறிய உறை, நாடு முழுக்க ஏழை வீடுகளுக்குள் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாவற்றையும் மீறி மாதம் இடிக்கும்போது தண்டல்காரர் வருகிறார். பத்தாயிரம் கடன் என்பார். கையில் தருவது எட்டாயிரத்து ஐந்நூறு. தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். “ஆயிரத்து ஐந்நூறுதானே வட்டி” என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலும் கரைந்துகொண்டே வருவதால், ஆண்டுக் கணக்கில் அது 120 சதவீத வட்டி. தண்டலையும் மீட்டர் வட்டி, கந்துவட்டியையும் 2003-இலேயே தமிழ்நாடு சட்டம் போட்டுத் தடை செய்திருக்கிறது. வீட்டில் ஒரு கிராம் தங்கம் இருந்தால் கூட்டுறவு வங்கியில் வைப்பது எத்தனையோ மேல். மகளிர் குழுக் கடனும் அப்படித்தான். மகளிர் உரிமைத் தொகையாக 2023 செப்டம்பரிலிருந்து வரும் ஆயிரம் ரூபாயை, வங்கிக் கணக்கிலேயே விட்டுவைத்து அவசரத்துக்கு எடுக்கும் பெண்கள், தண்டல்காரரை இரண்டு மாதமாவது தள்ளிப்போட்டிருக்கிறார்கள்.

ஒவ்வொரு ஆண்டும் இந்தக் கணக்கு இறுகுவது கோடையில்தான். ஏப்ரல் 1-இல் புதிய பஞ்சப்படி அமலுக்கு வரும். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, 61 நாள்கள் காசிமேட்டு விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். மீனவக் குடும்பத்துக்கு அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம் இரண்டு மாதச் சோற்றுக்கும் போதாது. ஜூனில் பள்ளி திறந்துவிடும். அதனால் காசிமேட்டில் மாசியிலிருந்தே வீட்டு மாடிகளில் கருவாடு காயத் தொடங்குகிறது. நெத்திலியும் வாளையும் உப்பில் புரண்டு வெயிலில் விரிந்து கிடக்க, காக்கை விரட்டும் பாட்டி ஒருவர் கையில் கம்போடு நிழலில் உட்கார்ந்திருக்கிறார். பாதி விற்பதற்கு, பாதி வீட்டுக்கு.