எட்டுக்காற்பூச்சிக் கடி: அச்சமும் உண்மையும்

கோபாலபுரத்தைச் சுற்றி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு எட்டுக்காற்பூச்சி புதியதன்று. ஆயினும், மேற்குத் தொடர்ச்சி மலையின் மரப்பொந்துகளில் உறையும் உரோமம் அடர்ந்த பெருஞ்சிலந்தியை நாம் அறிந்திருத்தல் நலம். பொயிசிலோதீரியா என்னும் இவ்வினத்தை ஈழத் தமிழர் புலிமுகச் சிலந்தி என்பர். இது கடித்தால் கடுவலியும் வீக்கமும் உண்டாம். பல மணி நேரங் கழித்தும் தசைகள் இழுத்துப் பிடிக்கும். எனினும், இதனால் எவரும் மாண்டதாக உறுதியான சான்று இல்லை.

2012ஆம் ஆண்டில் அஸ்ஸாமின் சதியாவில் சிலந்திக் கடியால் இருவர் இறந்தனர் என்ற செய்தி பரவியது. அவர்கள் மந்திரவாதியிடம் சென்று, கடிவாயைச் சவரத் தகட்டால் கீறி இரத்தம் வடித்தவர்கள். ஆகையால் நஞ்சே கொன்றது என்று மருத்துவர்களால் துணிந்து கூற இயலவில்லை.

ஆதலின், அன்பர்களே, கீறற்க, இறுகக் கட்டற்க. சோப்பு நீரால் கழுவி மருத்துவமனைக்கு விரைவோம். இருளில் கடித்தது பாம்பாகவும் இருக்கக்கூடும். அதற்கு மாற்று மருந்து உண்டு, தாமதத்திற்கு இல்லை.